கூடாரத்துக்குள் பெய்த மழை

1911ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள். தென்துருவக் கண்டத்தின் எவான்ஸ் முனையிலிருந்து ஆங்கிலேயர் மூவர் சறுக்குவண்டிகளை இழுத்துக்கொண்டு புறப்பட்டனர். அங்கே அப்போது நடுக்குளிர்காலம். சூரியன் தலைகாட்டாத மாதங்கள். டாக்டர் எட்வர்ட் வில்சன், லெப்டினன்ட் பவர்ஸ், இருபத்தைந்து வயது இளைஞரான செரி-கர்ராட் ஆகிய அம்மூவரும் கேப்டன் ஸ்காட்டின் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர்கள். சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள குரோசியர் முனையில் எம்பரர் பெங்குவின்கள் முட்டையிடுகின்றன. அம்முட்டைகளில் சிலவற்றைக் கருவோடு கொண்டுவந்தால், பறவைகள் ஊர்வனவற்றிலிருந்து தோன்றிய வரலாற்றுக்குச் சான்று கிடைக்கும் என்பது வில்சனின் எண்ணம். அப்பறவை குளிர்காலத்தின் நடுவில்தான் முட்டையிடுகிறது. ஆகவே இவர்களும் அப்போதுதான் போக வேண்டியிருந்தது.

புறப்படும்போது செரி-கர்ராட்டின் உறங்கும் பை 18 ராத்தல், அதாவது சுமார் 8 கிலோகிராம், எடையிருந்தது. துருவமான் தோலால் தைத்து, உள்ளே வாத்தின் மெல்லிறகு வைத்த உறை கொண்ட பை அது. ஆகஸ்டு முதல் நாள் அவர்கள் திரும்பி வந்தபோது அதே பையை நிறுத்துப் பார்த்தார்கள். 45 ராத்தல்! மூவரின் பைகளும் சேர்ந்து 118 ராத்தல், ஏறத்தாழ 53 கிலோகிராம். கூடியிருந்த எடையெல்லாம் பனிக்கட்டி.

இந்தப் பனிக்கட்டி எங்கிருந்து வந்தது? அவ்வளவு கடுங்குளிரில் மழை பெய்வதில்லை. பையை யாரும் நீரில் நனைக்கவும் இல்லை. அத்தனை நீரும் அம்மூவரின் உடலிலிருந்தே வந்தது. கூடாரமும் படுக்கையும் தைக்க எந்தத் துணியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியின் வரலாறு முழுவதும் இந்த ஓர் உண்மையைச் சுற்றியே செல்கிறது. வெளியிலிருந்து துளியாக வரும் நீரைத் தடுக்க வேண்டும். உள்ளிருந்து ஆவியாகப் போகும் நீரை விட்டுவிட வேண்டும். ஒரே துணி இவ்விரண்டையும் செய்வது எப்படி?

தராசில் அமர்ந்த மருத்துவர்

நம் உடலிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் நீர் வெளியேறிக்கொண்டே இருக்கிறது என்பதை முதன்முதலாக நிறுத்துக் காட்டியவர் இத்தாலி நாட்டு மருத்துவர் சாந்தோரியோ. அவர் ஒரு பெரிய தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு அதில் அமர்ந்தார். உண்ணும் உணவையும் பருகும் நீரையும் நிறுத்தார்; கழிவுகளையும் நிறுத்தார். இரண்டும் சரியாக வரவில்லை. 1614இல் அவர் வெளியிட்ட நூலில், ஒரு நாளில் 8 ராத்தல் உணவும் பானமும் உட்கொண்டால் அதில் 5 ராத்தல் புலப்படாத வியர்வையாகப் போய்விடுகிறது என்று எழுதினார். அவரது கணக்கு சற்று மிகைதான். ஓய்வாக இருக்கும் ஒருவரின் தோலிலிருந்தும் மூச்சிலிருந்தும் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை நீர் ஆவியாக வெளியேறுகிறது என்பது இன்றைய கணக்கு.

இதைக் கூடாரத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். இருவர் படுக்கக்கூடிய சிறு கூடாரத்தின் கொள்ளளவு 2 கன மீட்டர் என்று கொள்வோம். 10 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று அதிகம் போனால் 9.4 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஆகவே கூடாரம் முழுவதிலுமுள்ள காற்றுக்கு 19 கிராம் நீராவி போதும், அதற்குமேல் இடமில்லை. உள்ளே படுத்திருக்கும் இருவரோ எட்டு மணி நேர உறக்கத்தில் அரை லிட்டர் அளவுக்கு நீரை வெளியிடக்கூடும். மீதி எங்கே போகும்? குளிர்ந்த நீர் நிரப்பிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறத்தில் முத்து முத்தாய் நீர் அரும்புவதை நாம் பார்த்திருக்கிறோம். அதுபோல, கூடாரத்தில் எது மிகக் குளிர்ந்த பரப்போ அதில் போய்ப் படியும். இரவில் மிகக் குளிர்ந்த பரப்பு மேற்கூரைதான்.

உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு கிலோ மண்ணெண்ணெய் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனுடன் சேர்ந்து ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட நீரை உண்டாக்குகிறது. நெருப்பு உலர்த்தும் என்றே நாம் நினைக்கிறோம். மூடிய கூடாரத்தில் அது நனைக்கிறது.

கூடாரத்திலேயே பிறந்து வளர்ந்த மக்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது, விடை தெரிந்திருந்தது. அரபுப் பாலைவனத்து பெதுயின் மக்கள் கறுப்பு ஆட்டு மயிரால் நெய்த கம்பளத்தைக் கூரையாகக் கட்டினர். உலர்ந்திருக்கும்போது அதன் கண்கள் வழியே காற்று புகும். மழை பட்டால் மயிர் உப்பிக் கண்கள் நெருங்கிக்கொள்ளும். மங்கோலியரின் வட்டக் கூடாரத்துக்குக் கம்பளி ஃபெல்ட்டால் சுவர். உச்சியிலோ ஒரு பெரிய திறப்பு. தொழிற்புரட்சிக் கால ஐரோப்பாவுக்குத்தான் இதை முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. அதற்குக் காரணமும் ஒரு நல்ல கண்டுபிடிப்பே.

ரப்பர் தந்த ஏமாற்றம்

கிளாஸ்கோ நகரத்து வேதியியலர் சார்லஸ் மக்கின்டாஷ் 1823இல் ஒரு காப்புரிமை பெற்றார். நிலக்கரி வாயுத் தொழிற்சாலைகளில் கழிவாகக் கிடைத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, அந்தக் கரைசலை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டினார். நீர் சற்றும் புகாத துணி கிடைத்தது. மழைக்கோட்டுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே நிலைத்துவிட்டது. தொடக்கத்தில் அது குளிரில் விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது, நாற்றமும் அடித்தது. 1840களில் ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துப் பக்குவப்படுத்தும் முறையை அமெரிக்காவில் குட்இயரும் இங்கிலாந்தில் ஹான்காக்கும் காப்புரிமை செய்த பிறகு இக்குறைகள் பெரும்பாலும் தீர்ந்தன.

தீராத குறை ஒன்றிருந்தது. அத்துணியை அணிந்து நடப்பவர் மழையில் நனையவில்லை, வியர்வையில் நனைந்தார். அதனால் மூடிய கூடாரத்தில் படுத்தவர் விடியற்காலையில் முகத்தில் சொட்டும் நீரால் விழித்தார். துணி ஒழுகுகிறது என்றே பலரும் நினைத்தனர். மேலும் ஒரு பூச்சுப் பூசினர்; மேலும் நனைந்தனர்!

இந்தக் குழப்பத்தில் சிக்காமல் தப்பியவர்களுள் ஒருவர் எட்வர்ட் விம்பர். மரக்கட்டையில் படம் செதுக்குவது இவர் தொழில். ஆல்ப்ஸ் மலைக் காட்சிகளை வரைந்து வருமாறு ஒரு பதிப்பாளர் 1860இல் அனுப்ப, அங்கே மலையேற்றத்தில் மனம் பறிகொடுத்தார். 1861இல் மாட்டர்ஹார்ன் சிகரத்தின் கீழே இவர் பயன்படுத்திய கூடாரம் காற்றுக்கு நிற்கவில்லை. அடுத்த ஆண்டு தாமே ஒன்றை வடிவமைத்தார். நான்கு கம்புகள், இருபுறமும் இரண்டிரண்டாகக் குறுக்கே சாய்த்துக் கட்டியவை. கூரைக்கு முரட்டுப் பருத்தித் துணி, அதாவது நம் கோழிக்கோட்டின் பெயரால் காலிகோ என்று உலகெங்கும் வழங்கிய வகையில் வெளுக்காத ஒன்று. தரைக்கு மட்டும் மக்கின்டாஷ் துணி. தரைவிரிப்பைச் சுவரோடு சேர்த்தே தைத்துவிட்டார். மொத்த எடை 23 ராத்தல்.

கவனித்துப் பார்த்தால் இதில் ஒரு நுட்பம் தெரியும். கீழே ஈரமண், அங்கிருந்து நீர் மேலே வரக்கூடாது, ஆகவே ரப்பர். மேலே மூச்சின் ஆவி போக வேண்டும். ஆகவே வெறும் பருத்தி. ஒரே கூடாரத்தில் இரண்டு துணி, இரண்டு வேலை. விம்பர் இதை இயற்பியல் படித்துச் செய்யவில்லை. மலையில் படுத்து நனைந்தவர், தம் பைக்குத் தாமே துணி வாங்கியவர், தாமே சுமந்தவர், அவ்வளவுதான். அவரது கூடார வடிவம் அடுத்த பல பத்தாண்டுகள் மலையேறுவோரிடம் வழக்கில் இருந்தது.

தையற்காரரும் துணிக்கடைக்காரரும்

பொழுதுபோக்காகக் கூடாரமடித்துத் தங்கும் பழக்கத்தை இங்கிலாந்தில் பரப்பியவர் தாமஸ் ஹிராம் ஹோல்டிங். இவர் லண்டனில் தையற்காரர். 1853இல், சிறுவனாக இருந்தபோது, அமெரிக்கப் புல்வெளிகளை வண்டிக் கூட்டத்தோடு கடந்து கூடார வாழ்வைக் கண்டவர். சைக்கிளில் ஏற்றிச் செல்லக்கூடிய அளவுக்குக் கூடாரத்தைச் சிறிதாக்க வேண்டும் என்பது இவர் கனவு. 1897இல் அயர்லாந்தின் கானமாரா பகுதியில் நண்பர்களோடு அப்படியொரு பயணம் சென்று, மறு ஆண்டு அதைப் பற்றி நூல் எழுதினார். 1901இல் சைக்கிளில் சென்று கூடாரமடிப்போருக்கான சங்கத்தைத் தொடங்கினார். 1908இல் அவர் வெளியிட்ட கூடாரக் கையேடு, வீட்டிலேயே தைத்துக்கொள்ள விரும்புவோருக்குத் துணி வகைகளையும் வெட்டும் முறைகளையும் விளக்கியது. இவர் பெரிதும் விரும்பியது பட்டு. பட்டின் இழை மெல்லியது, வலியது. நெருக்கமாக நெய்தால் மழை எளிதில் ஊடுருவாது. ஆனால் காற்றும் ஆவியும் மெல்லப் போய்வரும்.

ஏறக்குறைய இதே காலத்தில் பேசிங்ஸ்டோக் என்ற சிற்றூரில் துணிக்கடை வைத்திருந்த தாமஸ் பர்பெரி வேறு வழியில் சிந்தித்தார். நெய்த துணியின் மேல் பூசினால் கண்கள் அடைபடுகின்றன. நெய்வதற்கு முன்பே நூலை நீரொட்டாதபடி பக்குவம் செய்துவிட்டு, பிறகு மிக நெருக்கமாக நெய்தால் என்ன? நூலில் நீர் ஒட்டாது. நூல்களுக்கிடையிலுள்ள கண்கள் திறந்தே இருக்கும். 1879இல் அவர் உருவாக்கிய இத்துணிக்கு கேபர்டீன் என்று பெயர். காப்புரிமை 1888இல் கிடைத்தது. நீர்த்துளி ஏன் திறந்த கண் வழியே புகுவதில்லை? நீருக்குப் பரப்பு இழுவிசை உண்டு. ஒட்டாத நூலின் மேல் துளி உருண்டு நிற்கும். தன் உருண்டை வடிவைச் சிதைத்துக்கொண்டு சிறு துளைக்குள் நுழைய அழுத்தம் வேண்டும். தூறலுக்கு அந்த அழுத்தம் இல்லை. பெருங்காற்றோடு அடிக்கும் மழைக்கு உண்டு. ஆகவே கேபர்டீன் பனிக்காற்றுக்கு ஏற்றது. பெருமழைக்கு ஓரளவே ஏற்றது.

தென்துருவம் நோக்கிய போட்டியில் இரு தரப்பினரும் இத்துணியைக் கொண்டு சென்றனர். 1911 டிசம்பர் 14இல் ஆமுண்ட்சென் துருவத்தை அடைந்து அங்கே விட்டுவந்த சிறு கூடாரம், பிராம் கப்பலின் பாய் தைப்பவரான ரோன்னே மிக மெல்லிய கேபர்டீனில் தைத்துக் கொடுத்ததாகும். ஸ்காட்டும் அவர் தோழர்களும் 1912 ஜனவரியில் அங்கு சென்றபோது அக்கூடாரத்தைக் கண்டனர்.

ஆவி விடும் துணியே பகையான இடம்

இங்கே வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். செரி-கர்ராட்டின் பை ரப்பராலானது அல்லவே. தோலும் இறகும் ஆவியை விடக்கூடியவை அல்லவா? பிறகு ஏன் பனிக்கட்டி சேர்ந்தது?

ஆவி விடக்கூடியவையாக இருந்ததனால்தான் சேர்ந்தது! பைக்குள்ளே உடலின் வெதுவெதுப்பு. பைக்கு வெளியே நீர் உறைநிலைக்குக் கீழே பல பத்துப் பாகைகள். ஒருநாள் பாரன்ஹீட் அளவில் சுழிக்குக் கீழே 77.5 பாகை பதிவாயிற்று. செல்சியசில் சுழிக்குக் கீழே ஏறத்தாழ 61. ஆகவே நீர் உறையும் இடம் பையின் தடிப்புக்கு உள்ளேயே எங்கோ இருந்தது. உடலிலிருந்து கிளம்பிய ஆவி இறகு வழியே, மயிர் வழியே வெளிநோக்கிச் சென்று, அந்த இடத்தை அடைந்ததும் பனியாகி நின்றுவிட்டது. ஓரிரவு சில நூறு கிராம். ஐந்து வாரங்களில் பல கிலோ. பகலில் சுருட்டிய பை பலகைபோல் விறைத்தது. இரவில் அதற்குள் நுழைவதென்றால் உடல் சூட்டால் அதைச் சிறிது சிறிதாக இளக்கிக்கொண்டே நுழைய வேண்டும். உடையும் அப்படியே. ஒருநாள் காலை கூடாரத்தைவிட்டு வெளியே வந்த செரி-கர்ராட் சுற்றிலும் பார்க்கத் தலையை நிமிர்த்தினார். ஈர உடை அந்நிலையிலேயே உறைந்துவிட்டது. நான்கு மணி நேரம் நிமிர்ந்த தலையோடே வண்டி இழுத்தார். 1922இல் வெளிவந்த அவரது நூலில் இவையெல்லாம் சற்றும் ஆர்ப்பாட்டமின்றிச் சொல்லப்பட்டிருக்கின்றன. மூன்று முட்டைகள் வந்து சேர்ந்தன. வில்சனும் பவர்சும் அடுத்த ஆண்டு மார்ச்சில், துருவத்திலிருந்து திரும்பும் வழியில், ஸ்காட்டோடு ஒரே கூடாரத்தில் மாண்டனர்.

இத்தகைய கடுங்குளிரில் வழி வேறு. ஆவியை வெளியே விடாமல், உடலையொட்டியே நீர்புகா உறையால் தடுத்துவிட வேண்டும். அப்போது இறகுக்குள் ஈரம் புகாது. 1950–53 கொரியப் போரில் அமெரிக்க வீரர்களுக்கு வழங்கப்பட்ட குளிர்காலக் காலணி இப்படிப்பட்டதே. இரண்டு ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே கம்பளி முற்றிலும் அடைபட்டிருந்தது. பாதம் வியர்வையில் ஊறினாலும் கம்பளி நனையாது, சூடு குறையாது. கூரைக்கு ஆகாத ரப்பர் அங்கே உயிர் காத்தது. மூச்சுவிடும் துணி எங்கும் எப்போதும் நல்லது என்று விளம்பரங்களைப் படித்துவிட்டு நம்புவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

உப்பிக்கொள்ளும் பருத்தி

இரண்டாம் உலகப் போர் இச்சிக்கலை மீண்டும் உயிர்ப் பிரச்சினையாக்கியது. ஆர்க்டிக் கடல் வழியே ரஷ்யாவுக்குச் சரக்கேற்றிச் சென்ற கப்பல்களைக் காக்க, கப்பலிலிருந்தே விசையால் எறியப்பட்ட போர் விமானங்களை பிரிட்டன் பயன்படுத்தியது. அவை மீண்டும் கப்பலில் இறங்க இயலாது. நிலம் அருகில் இல்லையெனில் விமானி கடலில் குதிக்க வேண்டியதுதான். அந்தக் கடலில் மனிதன் தாங்குவது சில நிமிடங்களே. ரப்பர் உடை நீரைத் தடுக்கும். ஆனால் எப்போது ஆணை வருமோ என்று விமானத்துக்குள் மணிக்கணக்கில் காத்திருக்கும் ஒருவர் அதற்குள் வேர்த்து நனைந்துவிடுவார். நனைந்த உடலோடு குளிரில் விழுவது இன்னும் கேடு.

மான்செஸ்டர் அருகே டிட்ஸ்பரியில் இருந்த ஷெர்லி பருத்தி ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கு விடை கண்டனர். (நிலையத்துக்கு இடம் வாங்கப் பொருளுதவி செய்தவரின் மகள் பெயர் ஷெர்லி; அப்பெயரே நிலைத்தது.) பருத்தி இழை நீரை உறிஞ்சினால் குறுக்கே பருக்கும். மிக நீண்ட இழைப் பருத்தியை நூற்று, முறுக்கைக் குறைத்து, இயன்றவரை நெருக்கி நெய்தால், உலர்ந்த நிலையில் ஆவி வெளியேறக் கண்கள் இருக்கும். நீரில் விழுந்ததும் நூல்கள் உப்பிக் கண்களை அடைத்துவிடும். வெண்டைல் என்று பெயரிடப்பட்ட இத்துணியாலான உடைகள் 1943 முதல் விமானிகளுக்குக் கிடைத்தன. பூச்சும் இல்லை, ரப்பரும் இல்லை. பெதுயின் மக்களின் ஆட்டு மயிர்க் கூரையின் தத்துவந்தான், மிகத் துல்லியமாகச் செய்யப்பட்டது.

சாதாரணப் பருத்திக் கூடாரத்திலும் இது ஓரளவு நடக்கிறது. சாரணர்களுக்கு ஒரு பழைய எச்சரிக்கை உண்டு. மழை பெய்யும்போது கூடாரத்தின் உட்புறத்தை விரலால் தொடாதே, தொட்ட இடம் ஒழுகும் என்பார்கள். மூடநம்பிக்கை அல்ல. நனைந்த துணியின் கண்களில் நீர் பரப்பு இழுவிசையால் ஏடுபோல் நிற்கிறது. விரல் பட்டதும் அந்த ஏடு உட்புறத்தோடு இணைந்து வழியத் தொடங்குகிறது. தவறித் தொட்டுவிட்டால், விரலை எடுக்காமல் துணியின் அடிவிளிம்பு வரை கோடாக இழுத்துவிட வேண்டும். நீர் அந்தக் கோட்டிலேயே வழிந்து இறங்கிவிடும்.

வெண்டைலுக்கும் குறையுண்டு. நனைந்தால் கனக்கும், விறைக்கும், உலர நெடுநேரமாகும், விலையும் அதிகம்.

இரண்டு கூரை

போருக்குப் பின் நைலான் மலிந்தது. பாராசூட் துணி எடைக்கு விற்பனையாயிற்று. 1953இல் எவரெஸ்ட் உச்சியை எட்டிய குழுவினர் பருத்தியும் நைலானும் கலந்த துணியாலான கூடாரங்களைக் கொண்டு சென்றனர். அது காற்றைத் தடுத்தது, ஆவியை விட்டது. உயர்மலையில் மழை பெய்யாதாகையால் அது போதுமாயிருந்தது. தாழ்நிலத்தில் மழை உண்டே! அதற்காக நைலானில் பாலியூரித்தேன் பூசினர். எடை குறைந்தது, விலை குறைந்தது. மக்கின்டாஷ் காலத்துத் தொல்லை அப்படியே திரும்பி வந்தது.

அமெரிக்காவில் மலையேற்றச் சாமான்கள் செய்த ஜெரி கன்னிங்ஹாம், மார்கரெட் ஹான்சன் என்பவரோடு சேர்ந்து, எடை குறைந்த கூடாரச் சாமான்களை வீட்டிலேயே தைப்பது பற்றி 1959இல் ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் 1960களில் வெட்டிய துணியும் நூலும் விளக்கத் தாளும் அடங்கிய பொட்டலங்களை அஞ்சலில் விற்கும் நிறுவனங்களும் அங்கே தோன்றின. வீட்டுத் தையல் இயந்திரத்தில் உறங்கும் பையும் கூடாரமும் தைத்துக்கொண்டவர் பலர். அவர்கள் கையாண்ட முறையும், கடைகளில் இன்றும் பெரும்பாலான கூடாரங்கள் கையாளும் முறையும் ஒன்றே: இரண்டு கூரை. உள்ளே பூசாத மெல்லிய துணி; அதற்குமேல் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பூசிய துணி. மூச்சின் ஆவி உட்கூரையைக் கடந்து, மேற்கூரையின் குளிர்ந்த அடிப்பக்கத்தில் படிந்து வழிந்து வெளியே போகிறது. சொட்டினாலும் உட்கூரை ஏந்திக்கொள்கிறது. எல்லாம் செய்யும் ஒரே துணியைத் தேடாமல், குளிர்ந்த பரப்பைப் படுக்கையிலிருந்து தள்ளி வைப்பது இதன் உத்தி. விம்பர் தரைக்கும் கூரைக்கும் பங்கிட்டதை இவர்கள் கூரையிலேயே பங்கிட்டார்கள் எனலாம்.

ஆயினும் ஒரே துணியைத் தேடும் ஆசை விடவில்லை. 1969 அக்டோபரில் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பாப் கோர் என்பவர், சமையல் பாத்திரங்களில் பூசப்படும் டெஃப்லான் பொருளின் தண்டுகளைச் சூடாக்கி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக, பதமாக இழுக்கும்போதெல்லாம் அவை அறுந்தன. சலிப்பில் ஒன்றைப் பட்டென்று வெடுக்கி இழுத்தார். அது அறுபடாமல் பல மடங்கு நீண்டது! உள்ளே கோடானுகோடி நுண்துளைகள் தோன்றியிருந்தன. இப்பொருளாலான படலத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 140 கோடி துளைகள். ஒவ்வொன்றும் நீர்த்துளியைவிட 20,000 மடங்கு சிறிது, நீராவி மூலக்கூற்றைவிட 700 மடங்கு பெரிது என்பது அந்நிறுவனம் சொல்லும் கணக்கு. 1970களின் பிற்பாதியில் கோர்-டெக்ஸ் என்ற பெயரில் இப்படலம் ஒட்டிய துணி விற்பனைக்கு வந்தது. சியாட்டில் நகர நிறுவனமொன்று இதில் ஒற்றைக் கூரைக் கூடாரமே தைத்து விற்றது. உடலின் எண்ணெய்ப் பசை பட்டால் நீர் ஒழுகும் என்ற தொடக்கக் குறையைச் சில ஆண்டுகளில் சரிசெய்தனர். இத்தகைய ஃபுளோரின் சேர்மங்கள் சில மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குவதால் எதிர்ப்பு எழுந்தது. 2022 முதல் அந்நிறுவனம் பாலிஎத்திலீன் படலத்தையும் பயன்படுத்தத் தொடங்கியது.

வீட்டில் தைப்போருக்கு இதைவிட உதவியது கட்டடத் துறையிலிருந்து வந்த ஒரு பொருள். டூபான்ட் நிறுவனத்தில் 1955இல் தற்செயலாகக் கண்டறியப்பட்டு 1967இல் விற்பனைக்கு வந்த டைவெக், பாலிஎத்திலீன் நுண்ணிழைகளை நெய்யாமல் அழுத்தி ஒட்டிய தாள் போன்றது. அமெரிக்காவில் மரவீடுகளின் சுவரைப் போர்த்த இது பயன்படுகிறது. மழையைத் தடுத்துச் சுவரின் ஈரத்தை விடுகிறது. வீடு கட்டியவர்களிடம் எஞ்சிய துண்டை வாங்கி மலையேறுவோர் தரைவிரிப்பும் உறங்கும் பைக்கு மேலுறையும் தைத்தனர். புதிதில் காகிதம்போல் சலசலக்கும், துவைத்தால் மென்மையாகும்.

மூன்று டம்ளர் சோதனை

ஒரு துணி ஆவியை எவ்வளவு விடுகிறது என்று அறிய, பலர் அதை வாயில் வைத்து ஊதிப் பார்க்கிறார்கள். இது தவறான சோதனை. ஊதினால் தெரிவது காற்று புகும் அளவு. கோர்-டெக்சில் ஊதினால் ஏறக்குறைய ஒன்றும் புகாது. ஆனால் ஆவி ஊடுருவும். ஆய்வுக்கூடங்கள் செய்வதைப் பள்ளி மாணவரும் செய்யலாம். ஒரே அளவான மூன்று டம்ளர்களில் சமமாக நீர் ஊற்றுங்கள். ஒன்றைத் திறந்து வையுங்கள். ஒன்றின் வாயைச் சோதிக்க வேண்டிய துணியாலும், மற்றொன்றைப் பாலிதீன் தாளாலும் ஓரத்தில் இடைவெளியின்றி இறுகக் கட்டுங்கள். நல்ல தராசில் மூன்றையும் நிறுத்துக் குறித்துக்கொண்டு, ஒருநாள் கழித்து மீண்டும் நிறுங்கள். பாலிதீன் கட்டியது குறைந்திருக்காது. துணி கட்டியது, திறந்த டம்ளர் குறைந்த அளவில் எத்தனை பங்கு குறைந்திருக்கிறதோ, அதுவே அத்துணியின் தரம். துணி வணிகர்கள் ஒரு சதுர மீட்டர் 24 மணி நேரத்தில் விடும் ஆவியைக் கிராமில் குறிப்பதும் இவ்வகைச் சோதனையால்தான்.

நீர் தாங்கும் திறனுக்கு வேறு சோதனை. ஒரு குழாயின் அடியில் துணியைக் கட்டி மேலே நீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் துணியில் துளி அரும்புகிறதோ அதுவே அளவு. மேற்கூரைத் துணிக்கு 1,500 மில்லிமீட்டர் வேண்டுமென்பது பொது வழக்கு. தைத்த ஊசித்துளைகளை இச்சோதனை கணக்கில் எடுப்பதில்லை. அவற்றைத் தனியே பசை தடவி அடைக்க வேண்டும்.

இவ்வெண்கள் ஆய்வுக்கூடத்தில் பெற்றவை என்பதை மறக்கக்கூடாது. ஆவி துணியைக் கடப்பதற்கு உள்ளே மிகுதியாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். நம் ஊர் ஐப்பசி மழை இரவில் வெளியே 25 பாகை வெப்பம்; காற்றோ ஏற்கெனவே ஆவியால் நிறைந்தது. ஒரு கன மீட்டரில் 23 கிராம் வரை நீர் இருக்கும். அங்கே எவ்வளவு விலையுயர்ந்த படலமானாலும் ஆவி போக இடமில்லை. உயர்த்திக் கட்டிய ஒரு மேல்விதானமும், அதன்கீழ் நாற்புறமும் காற்றோடும் கொசுவலையும் அதைவிட நன்றாக வேலை செய்யும். குளிர்நாட்டிலும் துணியின் வெளிப்பரப்பு நனைந்து ஊறினாலோ பனி மூடினாலோ கண்கள் அடைபட்டுவிடும். அப்போது உள்ளே அடுப்பெரிப்பது உயிருக்கே ஆபத்து. மணமும் நிறமுமற்ற கார்பன் மோனாக்சைடு சேரும்.

பிரிட்டனின் தென்துருவ ஆய்வாளர்கள் இன்றும் களப்பணிக்கு நான்கு கால் கூம்புக் கூடாரத்தையே கொண்டு செல்கின்றனர். உருவத்தில் அது ஸ்காட் காலத்துக் கூடாரத்தின் நேர் வழித்தோன்றல். சுவர் இரட்டை, இடையே காற்றுவெளி. உச்சியில் துணியாலான ஒரு குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே அடுப்பு எரியும் வரை அதைக் கட்டி மூடுவதில்லை.